பிறந்த தேதியை எழுதியது நாங்கள். எலும்புக்கு அது தெரியாது



இது நீளமான பதிவு. ஒரு பீரியட் முழுக்க என் முன்னால் வாய் மூடி உட்கார்ந்தவர்கள் நீங்கள், இதற்கும் பத்து நிமிஷம் உட்காருங்கள். பிள்ளை வைத்திருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை படிக்கவும்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சண்டை. ஆரம்பித்தது நான்தான். என் நாத்தனார் பேத்திக்கு 11 வயது முடிந்தது. பிறந்தநாள் படங்கள் போட்டிருந்தார்கள். பக்கவாட்டில் எடுத்த ஒரு படத்தில் மேல்வரிசைப் பல் நன்றாக முன்னால் வந்து, கீழ்த்தாடை உள்ளே வாங்கியிருப்பது தெரிந்தது. உதடு மூடவில்லை. "பிள்ளையை ஒரு தடவை பல் சீரமைப்பு டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்" என்று எழுதினேன். அவ்வளவுதான்.

"அத்தை, இன்னும் வயசுக்கே வரலை, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றாள் பிள்ளையின் அம்மா. "பத்தாவது முடியட்டும், லீவுல கம்பி போட்டுக்கலாம்" என்றார் ஒருவர். "எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும்" என்றார் இன்னொருவர். கடைசியில் என் கொழுந்தனார், "அண்ணி, நீங்க டீச்சரா டாக்டரா?" என்று கேட்டு ஒரு சிரிக்கும் பொம்மையும் போட்டார். குரூப்பே சிரித்தது.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமா படித்தவள். முப்பது வருஷத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் இந்த விஷயத்தில் வாய் திறக்க எனக்கு உரிமை உண்டு. ஏன் என்றால் நான் இதில் ஒரு தப்பு செய்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷத்துக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. "டீச்சர், இவளுக்குக் கீழ்த்தாடை சின்னதா இருக்கு, கேலி பண்றாங்க. இப்பவே டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று கேட்டாள். நான் காபி ஆற்றிக்கொண்டே, "பால் பல்லெல்லாம் விழட்டும்மா, பிறகு பார்த்துக்கலாம்" என்று சொன்னேன். எதை வைத்துச் சொன்னேன்? ஒன்றையும் வைத்து இல்லை. என் அம்மா சொன்னார், நானும் சொன்னேன். அவள் என் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பால் பல் விழுந்தது. பிள்ளை வயதுக்கு வந்தாள், சடங்கு நடந்தது. பிறகு பத்தாவது வந்தது. 16 வயதில் டாக்டரிடம் போனபோது அவர் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, தாடை வளர்கிற காலம் முடிந்துவிட்டது என்றார். இனி மேல்வரிசையில் இரண்டு பல்லைப் பிடுங்கி முன்பல்லைப் பின்னால் இழுத்து ஒப்பேற்றலாம், இல்லையென்றால் தாடை எலும்பை அறுத்து முன்னால் வைக்கிற ஆபரேஷன் என்றார். "நாலைந்து வருஷம் முன்னால் வந்திருந்தால் வேறு வழி முயன்று பார்த்திருக்கலாம்" என்றும் சொன்னாராம். அந்தப் பெண் என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பல் கோணலாக இருப்பது வேறு, தாடை பொருந்தாமல் இருப்பது வேறு. பல் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு கோணலாக முளைத்திருந்தால், ஈறும் எலும்பும் நன்றாக இருக்கிற வரை எந்த வயதிலும் கம்பி போட்டு நகர்த்தலாம். 40 வயதில் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் காத்திருந்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் கீழ்த்தாடை சின்னதாக, பின்வாங்கி இருந்தால் கதை வேறு. அதற்குப் பிள்ளையின் சொந்த வளர்ச்சியைத்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கழற்றி மாட்டும் கருவிகள் உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் என்ற பல் டாக்டர் 1977இல் உருவாக்கிய 'ட்வின் பிளாக்' அதில் பிரபலம். மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று, கடிக்கும்போது கீழ்த்தாடையை முன்னால் வைத்தே கடிக்கும்படி செய்யும். இது வேலை செய்யச் சிறந்த நேரம், பிள்ளை கிடுகிடுவென்று உயரும் காலம்தான். அந்த நேரத்தில் கீழ்த்தாடையும் சேர்ந்து வேகமாக வளர்கிறது.

அந்தக் காலம் எப்போது? இங்கேதான் எல்லோரும் தப்புக்கணக்கு போடுகிறோம். "12 வயசு", "13 வயசு" என்று வயதைச் சொல்கிறோம். சராசரியாகப் பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் அந்த உச்சம் வருகிறது. சராசரிதான். ஒரே நாளில் பிறந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்குப் பத்தரை வயதில் வரும், இன்னொருத்திக்குப் பதின்மூன்றரையில் வரும். இதை எனக்கு எந்த டாக்டரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரேயரில் உயர வரிசையில் நிற்க வைத்தவள் நான். ஜூனில் முதல் ஆளாக நின்ற பிள்ளை அடுத்த ஜூனில் நடு வரிசைக்குப் போய்விடும். நடுவில் நின்றவன் ஒன்பதாவதில் திடீரென்று கடைசிக்குப் போவான், கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். வகுப்பு ஒன்று, பிறந்த வருஷம் ஒன்று, உடம்பு மட்டும் ஆளுக்கு ஒரு கணக்கில் ஓடும்.

அந்த வயதாவது நிஜமா? நம் காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே மேரியில் பிறப்பு பதிகிற வழக்கம் உண்டு, அதனால் நம்மூர்ப் பிள்ளைகள் பலருக்குத் தேதி சரியாக இருக்கும். ஆனால் எல்லை தாண்டி வருகிற பிள்ளைகளும் உண்டு, வீட்டிலேயே பிரசவம் பார்த்துப் பதியாமல் விட்டவர்களும் உண்டு. "எப்பப்பா பிறந்தான்?" என்றால், "பெரிய புயல் அடிச்சுதே, அதுக்கு மறு வருஷம் அறுப்பு சமயம் டீச்சர்" என்பார்கள். அப்போது ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டியிருந்தது. மே மாதத்திலோ ஜூன் முதல் வாரத்திலோ ஒரு தேதியைப் போட்டு எழுதுவோம். இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு ஜாதகத்தில் ஒரு பிறந்தநாள், சர்டிபிகேட்டில் ஒரு பிறந்தநாள் என்று உங்களுக்கே தெரியும். எழுதியது எங்கள் கைதான். சட்டம் அந்தத் தேதிக்கு முதலிடம் தருகிறது. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவில் முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் நகராட்சி, பஞ்சாயத்துப் பிறப்புச் சான்றிதழ், இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. கோர்ட்டுக்கு அது சரி. தாடைக்கு அது சரிவராது.

எங்களுக்கு முந்திய வாத்தியார்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேல் சுற்றிக் கொண்டுவந்து இடது காதைத் தொடச் சொன்னார்கள். எட்டினால் சேர்த்துக்கொண்டார்கள், எட்டாவிட்டால் "அடுத்த வருஷம் வா" என்றார்கள். உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள், சொல்வார்கள். இதைச் சொல்லிச் சொல்லி நாம் சிரித்திருக்கிறோம். யோசித்துப் பார்த்தால் அவர்கள் காகிதத்தைக் கேட்காமல் எலும்பைக் கேட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் தலை பெரிது, கை சின்னது, காது எட்டாது. கை வளர்ந்தால் எட்டும்.

வெளிநாட்டிலும் இதே பாடுதான். இங்கிலாந்தில் 1833இல் 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் துணி ஆலை வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. வயதுக்குச் சான்று இல்லை. எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் டாக்டர் 1837இல், பல் முளைத்ததைப் பார்த்து வயது சொல்லலாம் என்று எழுதினார். 1895இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டு பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் குழந்தை மருத்துவர் தாமஸ் மார்கன் ராட்ச், பிள்ளைகளின் மணிக்கட்டு எலும்பைப் படம் எடுத்து அதன் வளர்ச்சியைப் பார்த்தே அவர்களைத் தரம் பிரிக்க வேண்டும் என்றார். காதைத் தொடச் சொன்ன நம்மூர் வாத்தியாரும் அவரும் ஒரே கட்சி.

இப்போது டாக்டர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று சொல்கிறேன். எனக்குப் புரிந்த அளவில், உங்களுக்குப் புரிகிற மாதிரி.

ஒன்று, கை எக்ஸ்ரே. விரல் எலும்பின் நுனியில் வளர்கிற பிள்ளைகளுக்கு ஒரு சின்னத் தட்டு தனியாக இருக்கும், நடுவில் குருத்தெலும்பு. நடுவிரலின் நடு எலும்பை முக்கியமாகப் பார்க்கிறார்கள். அந்தத் தட்டு தண்டு எலும்பு அளவுக்கு அகலமானால் வேக வளர்ச்சி நெருங்குகிறது என்று அர்த்தம். அதன் ஓரங்கள் தொப்பி மாதிரி தண்டின் மேல் கவிழ்ந்தால் உச்சம் வந்துவிட்டது, அல்லது இப்போதுதான் தாண்டியது. தட்டும் தண்டும் ஒட்டி ஒன்றாகிவிட்டால் வளர்ச்சி முடிகிற கட்டம். இதற்கு முழுக் கைக்கும் பெரிய படம் வேண்டும் என்றுகூட இல்லை. பல்லுக்கு எடுக்கிற சின்ன பிலிமிலேயே நடுவிரலை மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று நம் நாட்டு டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு, கழுத்தெலும்பு. கம்பி போடப் போகிற பிள்ளைக்கு முகத்தைப் பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தப் படத்திலேயே கழுத்தின் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எலும்புகள் தெரியும். சின்னப் பிள்ளைக்கு அவற்றின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். வளர வளர அடியில் குழி விழும், வடிவம் ஆப்பு மாதிரி இருந்தது சதுரமாகும், பிறகு உயரமாகும். இரண்டாவது, மூன்றாவது எலும்புகளில் குழி விழுந்திருக்கிற கட்டம், உச்ச வளர்ச்சி நெருங்கிவிட்ட கட்டம். இந்த முறையை லாம்பார்ஸ்கி என்பவர் 1972இல் அமெரிக்காவில் ஆராய்ந்தார். பிறகு பச்சேட்டி, ஃபிராங்கி, மெக்நமாரா என்ற மூவர் 2005இல் ஆறு கட்டங்களாக எளிமைப்படுத்தினார்கள். எடுத்த படத்திலேயே பார்க்கலாம், தனிச் செலவு இல்லை.

மூன்றாவது, எக்ஸ்ரேயே வேண்டாத அடையாளங்கள். உயரம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, பையனுக்குக் குரல் உடைகிறதா, பெண் வயதுக்கு வந்துவிட்டாளா.

இந்த இடத்தில் என் உறவுப் பெண்கள் எல்லோரும் நன்றாகக் கேட்க வேண்டும். "வயசுக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்பது அப்படியே தலைகீழ். ஒரு பெண் வேகமாக உயரும் உச்சம் வந்து, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துத்தான் பூப்பெய்துகிறாள். நாம் பந்தல் போட்டு, மஞ்சள் நீராட்டி, தாய்மாமன் சீர் வரிசையாக வருகிறபோது அந்த வேக வளர்ச்சி பெரும்பாலும் கடந்துவிட்டது. அதற்குப் பிறகும் கொஞ்சம் வளர்ச்சி இருக்கும், எல்லாம் போய்விட்டது என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் காத்திருந்தது எதற்காகவோ, அதைத்தான் காத்திருந்து தொலைக்கிறீர்கள். இதை வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்லாமல் மறைக்கிற அம்மாக்களும் உண்டு. அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். சீக்கிரம் கம்பி போடுவதே புத்திசாலித்தனம் என்று நினைக்கிறவர்களுக்கு இது. எங்கள் சொந்தத்தில் ஒரு பையன். 10 வயதில் ஒரு கிளினிக்கில் கருவி மாட்டினார்கள். எலும்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. அவன் தாமதமாக வளர்கிற ஜாதி, அவன் அப்பாவும் காலேஜ் போய்த்தான் உயர்ந்தார். இரண்டு வருஷம் மாட்டினான், கழற்றினான், தொலைத்தான், திட்டு வாங்கினான். நிஜமாக வளர ஆரம்பித்தபோது அவனுக்கு 14 தாண்டிவிட்டது, "இனிமே வாயில எதுவும் வைக்க மாட்டேன்" என்றுவிட்டான். பணமும் போச்சு, பிள்ளையின் மனசும் போச்சு. மேல்பல் முன்னால் வந்த பிள்ளைகளைப் பற்றி உலகத்து ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து 2013இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. அதை எழுதியவர்களில் முதல் பெயர் பத்ரி திருவேங்கடாச்சாரி, நம் தமிழ்ப் பெயர். சின்ன வயதில் ஒரு தடவை, வளர்ந்த பிறகு ஒரு தடவை என்று இரண்டு கட்டமாகச் செய்வதால், வளர்ந்த பிறகு ஒரே கட்டமாகச் செய்வதைவிடப் பெரிய லாபம் இல்லை என்றது அது. ஒரே ஒரு லாபம், கீழே விழுந்து முன்பல் அடிபடுவது குறைகிறது. ஓயாமல் விழுந்து எழும் பிள்ளைக்கு அதுவும் சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் "சீக்கிரம் போட்டால் தாடை நன்றாக வளரும்" என்று யாராவது சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

கீழ்த்தாடை முன்னால் தள்ளி, மேல்தாடை உள்வாங்கியிருக்கும் பிள்ளைக்குக் கணக்கு மாறும். மேல்தாடையை முகமூடி போன்ற கருவியால் முன்னால் இழுக்கிற வைத்தியம் உச்ச வளர்ச்சிக்கு முன்பே, 7, 8, 9 வயதுகளில் செய்தால்தான் அதிகப் பலன். அப்படியும் சரியாகாமல் ஆபரேஷன் வேண்டும் என்றால், அதை வளர்ச்சி முழுக்க முடிந்த பிறகுதான் செய்ய வேண்டும், இல்லையென்றால் தாடை மறுபடி வளர்ந்துவிடும். ஒரு பிள்ளைக்குச் சீக்கிரம், ஒரு பிள்ளைக்கு நடுவில், ஒரு பிள்ளைக்குக் கடைசியில். அதனால்தான் அமெரிக்கப் பல் சீரமைப்பு டாக்டர்கள் சங்கம் 7 வயதுக்குள் ஒரு தடவை காட்டச் சொல்கிறது. காட்டுவது வேறு, கம்பி போடுவது வேறு. பெரும்பாலான பிள்ளைகளைப் பார்த்துவிட்டு "ஆறு மாசம் கழித்து வாருங்கள்" என்றுதான் அனுப்புவார்கள். நல்ல டாக்டர் காத்திருக்கச் சொல்வதும், நாம் சோம்பேறித்தனமாகக் காத்திருப்பதும் ஒன்றில்லை.

"டீச்சர், எலும்பு எக்ஸ்ரே அவ்வளவு துல்லியமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எலும்பு வயது பார்க்க உலகம் முழுக்க வைத்திருக்கிற கிரூலிக், பைல் இருவரின் படப் புத்தகம் 1950இல் வந்தது. 1930களிலும் அதை ஒட்டியும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளை எடுத்த படங்கள் அவை. கிளிஞ்சல்மேட்டுப் பிள்ளையை அந்தப் புத்தகத்தில் வைத்து "இத்தனை வயது, இத்தனை மாதம்" என்று அறுதியிட்டுச் சொன்னால் நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தாடை வைத்தியத்துக்கு வயது எண் தேவையில்லை. உச்சத்துக்கு முன்னாலா, உச்சத்திலா, தாண்டிவிட்டதா என்ற கட்டம் தெரிந்தால் போதும். கழுத்தெலும்பிலும் குறை உண்டு. ஒரே படத்தை இரண்டு டாக்டர் பார்த்து வேறு வேறு கட்டம் சொல்வதும் நடக்கிறது. கருவி போட்டால் தாடை எவ்வளவு கூடுதலாக வளரும் என்பதிலும் சண்டை ஓயவில்லை. கிடைப்பது சில மில்லிமீட்டர்தான், பாதி வேலை பல் சாய்ந்து கொடுப்பதால் நடக்கிறது என்கிறார்கள். இதையெல்லாம் மறைத்து உங்களிடம் பேச நான் விளம்பரக்காரி இல்லை. எந்த ஒரு அடையாளத்தையும் தனியாக நம்பாதீர்கள். உயரம், குரல், பூப்பு, எலும்பு எல்லாம் சேர்த்துப் பாருங்கள் என்கிறேன். குறையுள்ள அளவுகோல் நாலு சேர்ந்தால்கூட, காகிதத்தில் இருக்கிற ஒரு ஜூன் மாதத் தேதியைவிட மேல்.

இப்போது என் இரண்டாவது குற்றத்துக்கு வருகிறேன். இதைச் சக ஆசிரியர்கள் படித்தால் கோபப்படுவார்கள், படட்டும்.

ரேங்க் கார்டில் உயரம், எடை என்று இரண்டு கட்டம் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதை நாங்கள் எப்படி நிரப்பினோம்? சில வருஷம் உண்மையாகவே சுவரில் நிற்க வைத்து அளந்தோம். பல வருஷம், பரீட்சை வேலை, எலெக்ஷன் வேலை, சென்சஸ் வேலை என்று அலைந்துவிட்டு, கடைசி நாளில் மேஜையில் உட்கார்ந்து போன வருஷ எண்ணோடு 4 கூட்டி எழுதினோம். ஒரு பிள்ளைக்கும் உச்ச வளர்ச்சி வந்ததாக என் கார்டுகளில் பதிவு இருக்காது. எல்லாப் பிள்ளையும் வருஷத்துக்கு 4 சென்டிமீட்டர். என்ன ஒழுங்கான பிள்ளைகள்!

உச்சத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை வருஷத்துக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வளர்கிறது. உச்சத்தில் பெண்ணுக்கு 8 செ.மீ., பையனுக்கு 9, 10 செ.மீ. வரை போகும். ஜனவரியில் 138, ஜூலையில் 142 என்றால் ஆறே மாதத்தில் 4, அதாவது வருஷத்துக்கு 8. மணி அடித்துவிட்டது என்று அர்த்தம். இதற்கு எக்ஸ்ரே வேண்டாம், புதுச்சேரிக்கு பஸ் ஏற வேண்டாம், ஒரு பைசா வேண்டாம். மூன்றாம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த கழித்தல் போதும். 2013இலிருந்து மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் பள்ளிக்கு டாக்டர் குழு வருகிறது, உயரம் எடை எடுக்கிறது, பல்லையும் பார்க்கிறது. பல்லில் அவர்கள் தேடுவது சொத்தை. உயரத்தை எழுதுகிறார்கள், போன தடவை எழுதியதோடு யாரும் கழித்துப் பார்ப்பதில்லை. எண் இருக்கிறது, கழித்தல் இல்லை. பணியில் இருக்கிற என் மாணவ ஆசிரியர்களே, அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் "வித்தியாசம்" என்று இன்னொரு கட்டம் போடுங்கள். நிஜமாக அளந்து நிரப்புங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

"முகத்து அழகுக்காகவா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று எங்கள் குரூப்பில் ஒரு பெரியவர் கேட்டார். நம் ஊர் அம்மையார் தன் அழகை வேண்டாம் என்று உதறி பேயுருவம் கேட்டுப் பெற்றவர். அது அவர் கேட்டு வாங்கியது. 11 வயதுப் பிள்ளை எதையும் உதறவில்லை, அவளைக் கேட்டு யாரும் முடிவு செய்யவும் இல்லை. வகுப்பில் "பல்லன்", "பல்லி" என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன், ஒன்றிரண்டு தடவை அதட்டாமல் விட்டுமிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பதில் சொல்வார்கள். போர்டுக்கு வர மாட்டார்கள். மார்க் குறைந்ததற்கு நாங்கள் வேறு காரணம் எழுதினோம்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

பிள்ளைக்கு 7 வயது ஆனதும் ஒரு தடவை பல் சீரமைப்பு டாக்டரிடம் காட்டுங்கள். காரைக்காலில் தனியாரிடம் காட்ட வசதி இல்லையென்றால் புதுச்சேரியில் அரசு மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் இருந்தது. ஒரு நாள் அலைச்சல்தான்.

டாக்டரிடம் போனால் எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்காதீர்கள். "இது பல் பிரச்னையா, தாடைப் பிரச்னையா? பிள்ளை இப்போது எந்த வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கிறாள்? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார், படத்தைத் திருப்பிக் காட்டிச் சொல்லுவார். காரணம் இல்லாமல் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுக்கவும் சம்மதிக்காதீர்கள், எடுத்த படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பத்தாவது பரீட்சை மறு வருஷமும் எழுதலாம். எலும்பு சப்ளிமெண்டரி வைக்காது.

கடைசியாக வீட்டுப்பாடம். பொங்கலன்று ஒரு தடவை, மாங்கனித் திருவிழா அன்று ஒரு தடவை, செருப்பில்லாமல் பிள்ளையைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைமேல் ஸ்கேல் வைத்துக் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதி எழுதுங்கள். கழித்துப் பாருங்கள்.

என் நாத்தனார் பேத்தி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சண்டைக்கு மறுநாள் அவள் அம்மா எனக்குத் தனியாகப் போன் செய்தாள். வீட்டு நிலையில் ஏற்கனவே கோடு போட்டு வைத்திருக்கிறார்களாம், அவள் அப்பா வழக்கம். "அத்தை, போன பொங்கலுக்கும் இப்போதைக்கும் நாலரை சென்டிமீட்டர் இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகிறார்கள். நானும் கூடப் போகிறேன். என் கொழுந்தனார்தான் கார் ஓட்டுகிறார்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்

(பிள்ளை வைத்திருக்கிற எல்லோருக்கும் அனுப்புங்கள். கமெண்டில் "சூப்பர் டீச்சர்" என்று போட வேண்டாம். அளந்துவிட்டு வித்தியாசத்தைப் போடுங்கள்.)